வாக்குத்தத்த அட்டையும் பதினேழாம் நாள் சங்கீதமும்

திருநெல்வேலிச் சீமையின் மேற்கோரத்தில், மலையடிவாரத்து ஊர்களில், டிசம்பர் 31ஆம் நாள் இரவு ஆலயத்துக்கு வராத கிறிஸ்தவக் குடும்பத்தைக் காண்பது அரிது. ஆண்டு முழுவதும் ஞாயிறு ஆராதனையில் முகங்காட்டாதவரும் அன்றிரவு கைக்குழந்தைகளுடன் வந்து திண்ணையிலாவது இடம்பிடித்து அமர்ந்துவிடுவர். நள்ளிரவு மணி அடித்து, புத்தாண்டின் முதற்பாடல் பாடி முடிந்தபின், காணிக்கைத் தட்டைப் போன்றதொரு தட்டுடன் குருவானவர் முன்வந்து நிற்பார். எழுத்துப் பக்கம் கீழிருக்குமாறு கவிழ்த்து வைக்கப்பட்ட சிறு அட்டைகள் அதில் நிறைந்திருக்கும். சபையார் வரிசையாக வந்து ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு, தூண் விளக்கின் கீழே நின்று அதைத் திருப்பிப் படித்து, முகமலர்ந்து இருக்கைக்குத் திரும்புவர். அவ்வாண்டு முழுமைக்கும் அவருக்கென்று ஆண்டவர் தந்த வாக்குத்தத்தம் அது என்பது நம் மக்களின் உறுதியான எண்ணம். முகம் பார்க்கும் கண்ணாடியின் சட்டத்தில் அதைச் செருகிவைப்போர் உண்டு. திருமறையின் உறைக்குள் பத்திரப்படுத்துவோரும் உண்டு.

தென்காசிக்கு அருகிலுள்ள ஒரு சேகரத்தில் குருத்துவப் பணியாற்றிய ஆண்டுகளில் நாமும் அத்தட்டை ஏந்தி நின்றிருக்கிறோம். அட்டைக்குரிய வசனங்களைத் தெரிந்தெடுத்தவரும் நாமே. ஆதலின் இக்கட்டுரை வெளியே நின்று பிறரைக் குறைகூறும் நோக்குடையதன்று. ஒரு நூலை எடுத்து மதிப்பிடுவதுபோல இவ்வட்டையை எடுத்து மதிப்பிட்டுப் பார்க்க விழைகிறோம். நம் சபையாரிற் பெரும்பாலோர் ஆண்டு முழுவதும் வாசிக்கும் ஒரே இறையியல் நூல் இதுவாக இருக்க, இறையியற் கல்லூரியின் இதழ் இதைக் கண்டும் காணாததுபோல் விட்டுவிடுவது முறையாகாது.

முதலில் இந்நூலின் உள்ளடக்கத்தைக் காண்போம். முந்நூறு பேர் கூடும் சபைக்கு முந்நூறு அட்டை வேண்டும். திருமறையில் முந்நூறு வாக்குத்தத்தங்களுக்குப் பஞ்சமில்லை. எனினும் டிசம்பர் மாதத்து இரவொன்றில் மேசையருகே அமர்ந்து வசனங்களைக் குறித்துக்கொண்டு வந்தபோது நம் கை தானாகவே சில இடங்களில் நின்றது, சில இடங்களைத் தாண்டிச் சென்றது. எரேமியா 29:11 வந்தது. ஏசாயா 41:10 வந்தது. தலையாக்கி வாலாக்காதிருக்கும் உபாகமம் 28:13 தவறாது வந்தது. பிலிப்பியர் 4:13 மூன்று அட்டைகளில் வந்தது. ஆனால் பசியாயிருக்கவும் குறைவுபடவும் கற்றுக்கொண்டதாகப் பவுல் அதற்கு முந்திய வசனத்திற் கூறுவது ஓர் அட்டையிலும் வரவில்லை. தேவபக்தியாய் வாழ மனதுள்ள யாவரும் துன்புறுத்தப்படுவர் என்று 2 தீமோத்தேயு 3:12 சொல்லுகிறது. இலக்கணப்படி அதுவும் எதிர்கால வினைமுற்றுடன் கூடிய வாக்குத்தத்தமே. யோவான் 16:33இல் உபத்திரவம் உண்டு என்பதும் ஆண்டவருடைய திருவாய்ச் சொல்லே. இவற்றை அட்டையில் எழுதித் தட்டில் இட்டிருந்தால் அவ்விரவில் என்ன நேர்ந்திருக்கும் என்பதை உடன் ஊழியர்கள் தாமே எண்ணிப்பார்க்கலாம். எடுத்தவர் அதைத் திரும்பத் தட்டிலே போட்டுவிட்டு வேறொன்று எடுத்திருப்பார்.

ஆகவே சபையார் அட்டையை எடுக்குமுன்னரே அவர்கள் சார்பில் நாம் எடுத்து முடித்திருந்தோம். சீட்டுப்போடுதலில் ஆண்டவர் தீர்ப்புச் சொல்வார் என்ற பழைய நம்பிக்கையும் அதில் முழுமையாக இல்லை. எந்தச் சீட்டு விழுந்தாலும் நற்செய்தியே விழும்படி நாம் முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிட்டோமே!

அச்சேகரத்தில் பீடி சுற்றிப் பிழைக்கும் பெண்கள் பலர். மடியில் தட்டை வைத்துக்கொண்டு, நறுக்கிய இலையில் தூளை வைத்துச் சுருட்டி நூல் கட்டும் அவர்களுடைய விரல்கள் வேதபாடம் கேட்கும்போதும் ஓய்வதில்லை. ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. இலை வராத நாளில் வேலையில்லை. இத்தகைய தாய்மாருள் ஒருவர் ஓராண்டு 91ஆம் சங்கீதத்தின் கடைசி வசனம் எழுதிய அட்டையை எடுத்தார். நீடித்த நாட்களால் திருப்தியாக்குவதைக் கூறும் வசனம் அது. அவ்வாண்டு ஐப்பசியில் அவருடைய பதினொரு வயது மகன் காய்ச்சல் கண்டு ஆறாம் நாளில் இறந்தான். அடக்க ஆராதனையை நாமே நடத்தினோம். ஒரு மாதம் கழித்து அவர் குருமனைக்கு வந்து, அந்த அட்டையை நம் மேசைமேல் வைத்துவிட்டு, அழாமல் ஒரு கேள்வி கேட்டார்:

"ஐயா, அன்னைக்கு நான் எடுத்தது எனக்கு வந்த அட்டைதானா? முன்னால நின்ன பிள்ளைக்கு வந்ததை நான் எடுத்துட்டேனோ?"

ஆண்டவருடைய வழிகள் நம்முடைய வழிகளல்ல என்ற பொருளில் நாம் ஏதோ சொன்னோம். அவர் தலைகுனிந்து கேட்டுவிட்டு எழுந்து போனார். அட்டை மேசைமேலேயே கிடந்தது. அவர் போனபின் வெகுநேரம் நம்மை உறுத்தியது அவருடைய அறியாமை அன்று. அவர் நம்மிடம் கற்றதைப் பிழையின்றிக் கற்றிருந்தார் என்பதே உறுத்தியது. தட்டில் அட்டை கிடந்த வரிசைப்படி வாக்குத்தத்தம் வருமானால், வரிசை மாறினால் வாக்குத்தத்தமும் ஆள் மாறும். அவருடைய தருக்கத்தில் குறையில்லை. நாம் கொடுத்த முதற்கூற்றில்தான் குறை.

இதனைக் குற்றாலத்துக்கு அருகிலிருந்து எண்ணுவோர்க்கு ஓர் இலக்கிய நினைவு தானாகவே வரும். தென்காசியையடுத்த மேலகரத்தில் வாழ்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் இயற்றிய குற்றாலக் குறவஞ்சியில், குற்றாலநாதர்மேல் காதல்கொண்டு வாடும் வசந்தவல்லிக்குக் குறத்தி சிங்கி கைபார்த்துக் குறி சொல்லுகிறாள். நாயகியின் உள்ளத்தில் இருப்பதே குறியாக அவள் வாயினின்று வருகிறது. குறத்திக்கு அணிகலன்கள் பரிசாகக் கிடைக்கின்றன. பின்னர் அவளைத் தேடிவந்த சிங்கன் அந்நகைகளைக் கண்டு வியந்து ஒவ்வொன்றாகக் கேட்கும் பகுதியின் நயத்தை அறியாத தமிழ் மாணவர் இரார். குறவஞ்சி என்னும் இலக்கிய வகையில் குறி தவறுவதே இல்லை. தவறினால் நூலே இல்லை. தெருவிலே குறி கேட்பவரும் இதே மனநிலையில்தான் கேட்கிறார். தாம் அஞ்சுவது நடவாது, தாம் விரும்புவது நடக்கும் என்று வேறொருவர் வாயால் கேட்டுவிட்டால் அன்றிரவு உறக்கம் வரும்.

நம் வீடுகளில் தொங்கும் நாட்காட்டிகளைப் பாருங்கள். அயலார் வீட்டுத் தினசரித் தாளில் ராசிபலன் அச்சாகும் இடத்தில் நம் வீட்டுத் தாளில் வசனம் அச்சாகியிருக்கிறது. இடம் அதுவே; காலையில் தாளைக் கிழித்ததும் கண் முதலில் செல்வதும் அங்கேயே. இப்போது கைபேசியில் விடியுமுன்பே மலர்ப்படத்துடன் ஒரு வசனம் வந்து நிற்கிறது. அதைப் பத்துப் பேருக்கு அனுப்பிவிட்டால் அன்றைய வேதவாசிப்பு முடிந்தது. உபாகமம் 18ஆம் அதிகாரத்தைக் காட்டிக் குறிகேட்பதும் நாள்பார்ப்பதும் பாவமென்று நாம் பிரசங்கித்திருக்கிறோம். அப்பழக்கத்தை வேறொரு பெயரால் ஆலயத்துக்குள்ளேயே அமர்த்திவிட்டோமோ என்பதே நம் ஐயம்.

இவ்வையத்துக்கு எரேமியாவின் நூலே இடந்தருகிறது. அட்டைகளில் மிகுதியாக அச்சாகும் 29:11ஐ அதன் அதிகாரத்தோடு சேர்த்து வாசிப்போமாக. அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்குத் தீர்க்கதரிசி எழுதியனுப்பிய நிருபம். நம்பிக்கையான முடிவைப்பற்றிய அவ்வசனத்துக்கு முந்திய வசனம் எழுபது வருடம் என்கிறது. நிருபம் வாசிக்கப்பட்ட அன்று அங்கே அமர்ந்திருந்த முப்பது வயதினர் எவரும் அம்முடிவைக் காணப்போவதில்லை. அதற்கும் இரண்டு வசனங்களுக்கு முன்பு, தங்கள் நடுவிலுள்ள தீர்க்கதரிசிகளாலும் குறிகாரராலும் ஏமாந்துபோக வேண்டாம் என்ற எச்சரிப்பு இருக்கிறது. குறிகாரரைத் தள்ளச் சொல்லும் அதே நிருபத்தினின்று ஒரு வசனத்தை மட்டும் கத்தரித்தெடுத்து நாம் குறியாக வழங்கியிருக்கிறோம். இதைவிடக் கூர்மையாக நம்மை எவரும் விமரிசிக்க முடியாது.

முந்திய அதிகாரமோ இன்னும் தெளிவானது. அனனியா ஆலயத்தில் சகல ஜனங்களின் முன்பாக எழுந்து, பாபிலோன் ராஜாவின் நுகம் முறிக்கப்பட்டது, இரண்டே ஆண்டில் ஆலயப் பணிமுட்டுகள் திரும்பிவரும் என்றான். இரண்டு ஆண்டு என்பது அட்டையில் எழுதத்தக்க கால அளவு. எழுபது ஆண்டு எழுதத்தக்கதன்று. எரேமியா அதைக் கேட்டு ஆமென், அப்படியே ஆகட்டும் என்றான். அவனும் அதையே விரும்பினான் என்பதை நாம் மறக்கலாகாது. எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தை அனனியா பிடுங்கி உடைத்தபோது, தீர்க்கதரிசி மறுமொழி ஒன்றும் கூறாமல் தன் வழியே போய்விட்டான் (28:11). கர்த்தருடைய வார்த்தை அவனுக்கு அதற்குப் பின்னரே வந்தது. சபை நடுவில் விடை தெரியாமல் வெறுங்கழுத்தோடு நடந்துபோகும் தீர்க்கதரிசியின் அந்தச் சில அடிகள் போதகர்களாகிய நமக்கு எவ்வளவு தேவையானவை! அன்று அத்தாய் கேட்ட கேள்விக்கு உடனே ஒரு விடை சொன்னோமே, அதை எண்ணும்போதெல்லாம் இவ்வசனம் நம்மைக் கடிந்துகொள்ளுகிறது. எருசலேம் வீழ்ந்த பின்னும் இவ்வாறே நடந்தது. எஞ்சிய மக்கள் தங்களுக்காகக் கர்த்தரிடம் கேட்கும்படி வேண்டியபோது, விடை வரப் பத்து நாள் சென்றது (42:7). பத்து நாளும் அவன் சொந்தமாக ஒன்றும் சொல்லவில்லை. வந்த விடையோ அவர்கள் கேட்க விரும்பியதாக இல்லை.

நிச்சயமின்மையின் நடுவில் நம்பிக்கை என்னவாக இருக்கும் என்பதற்கு இத்தீர்க்கதரிசி தரும் எடுத்துக்காட்டு ஒரு பத்திரப் பதிவு. நகரம் முற்றுகையிடப்பட்டு, தான் காவலில் இருக்கும்போது, ஆனதோத்திலுள்ள நிலத்தை 17 சேக்கல் வெள்ளி நிறுத்துக்கொடுத்து வாங்கி, சாட்சி வைத்து, முத்திரையிட்டு, பத்திரத்தை மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னான் (32ஆம் அதிகாரம்). வாங்கி முடித்தபின் அவன் செய்த ஜெபத்தை வாசியுங்கள். பட்டணம் கல்தேயர் கையில் விழப்போகிறது, நீரோ நிலத்தை வாங்கு என்கிறீரே என்று முடிகிறது. கீழ்ப்படிந்து பணங்கொடுத்து முடித்த பின்னும் அவனுக்குக் குழப்பம் தீரவில்லை! விசுவாசத்தைப்பற்றி நாம் மாணவர்க்குக் கற்பிக்கும்போது, குழப்பம் தீர்ந்த பின்னரே கீழ்ப்படிதல் வரும் என்பதுபோல வரிசைப்படுத்திவிடுகிறோம்.

இவ்விடத்தில் தென்காசிக் கோயிற் கல்வெட்டொன்று நம் நினைவுக்கு வருகிறது. 15ஆம் நூற்றாண்டில் காசி விசுவநாதர் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் இதற்குக் கேடு நேர்ந்தால் வந்து சீர்செய்து காப்பவர் எவராயினும் அவரை இப்போதே பணிகிறேன் என்ற கருத்துடைய பாடலைக் கல்லில் பொறித்துவைத்தான். கேடு நேராது என்று எந்தக் குறியும் அவன் பொறிக்கவில்லை. கோபுரம் நெடுங்காலம் சிதைந்து நின்று, பின்னர் 1990இல் புதிய கோபுரம் குடமுழுக்குக் கண்டது. நாம் வேறு சமயத்தார். ஆயினும் இந்தத் தெளிவைக் கண்டு நாணாமல் அவ்வழியே போக நம்மால் முடிவதில்லை.

அட்டையின் பக்கத்திலும் நியாயம் உண்டு. அதைச் சொல்லாவிடில் இம்மதிப்பீடு நேர்மையுடையதாகாது. மிலான் நகரத் தோட்டத்தில் 386ஆம் ஆண்டு அகுஸ்தீன் நூலைத் திறந்து ரோமர் 13ஆம் அதிகாரத்தில் முதலிற் கண்ணுக்குப்பட்ட பகுதியை வாசித்து மனந்திரும்பியதை நாமே எத்தனை முறை பிரசங்கித்திருக்கிறோம்! அதே அகுஸ்தீன் பின்னாளில் யனுவாரியு என்பவருக்கு எழுதிய மடலில், சுவிசேஷப் பக்கங்களைத் திறந்து சீட்டுப்பார்ப்போர் பேய்களிடம் குறிகேட்கச் செல்வதைவிட இது மேல் என்று ஒப்புக்கொண்டு, ஆயினும் உலகக் காரியங்களுக்காகத் திருவாக்கைத் திருப்பிப் பயன்படுத்தும் வழக்கம் தமக்கு உவப்பன்று என்றார். ஜான் வெஸ்லி 1738 மே 24 விடியற்காலையில் திறந்தபோது கிடைத்தது 2 பேதுரு 1:4, வாக்குத்தத்தங்களைப்பற்றிய வசனமே. அன்றிரவு ஆல்டர்ஸ்கேட் தெருவில் அவருக்கு நேர்ந்ததை யாவரும் அறிவர். அன்று பிற்பகல் தூய பவுலின் பேராலயத்தில், ஆழங்களிலிருந்து கூப்பிடும் 130ஆம் சங்கீதம் பாடப்படக் கேட்டார் என்பதையும் அவருடைய நாட்குறிப்பு சொல்லுகிறது. காலையின் வசனத்தைச் சொல்லுவோர் பிற்பகலின் சங்கீதத்தை விட்டுவிடுகின்றனர்.

நாளுக்கொரு வசனம் என்னும் ஒழுங்குக்குப் பெருமைமிக்க பிறப்பிடம் ஒன்றுண்டு. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் கிராமத்தில் சின்சென்டார்ஃப் பிரபு 1728இல் சகோதரருக்கு அன்றன்றைய வாக்கை வழங்கத் தொடங்கினார். 1731 முதல் அது ஆண்டுதோறும் நூலாக அச்சேறி இன்றளவும் வருகிறது. அதன் பழைய ஏற்பாட்டு வசனங்கள் சீட்டுப்போட்டே எடுக்கப்படுகின்றன. 1760இல் தரங்கம்பாடிக்கு வந்திறங்கிய மொரேவியச் சகோதரர் இம்மரபினரே. அந்நூலை விடாது பயன்படுத்தியவர்களுள் ஒருவர் தீத்ரிக் போன்ஹோஃபர். அவரே 1939இல் வெளியிட்ட, கிறிஸ்தவக் கூட்டுவாழ்வைப்பற்றிய சிறுநூலில், அன்றைய வசனம் திருமறை வாசிப்பின் இடத்தைப் பிடிக்கலாகாது, திருமறை முழுமையாகத் தொடர்ந்து வாசிக்கப்பட வேண்டும் என்று வற்புறுத்தினார்.

அதே 1939ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அவர் நியூயார்க்கில் இருந்தார். நண்பர்கள் அவரைப் போரினின்று காக்க வரவழைத்திருந்தனர். தங்குவதா திரும்புவதா என்று தத்தளித்த நாட்களில், குளிர்காலத்துக்கு முன்னே வந்துசேரும்படி பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய வசனம் (2 தீமோ. 4:21) அவர் கண்ணிற்பட்டது, நாள் முழுவதும் அவரைத் தொடர்ந்தது. அதைத் தமக்குரியதாகக் கொள்வது திருமறையைத் தவறாகப் பயன்படுத்துவது ஆகாது என்று நாட்குறிப்பில் எழுதினார். ஜூலையில் கப்பலேறினார். 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசன்புர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். நம் அட்டைகளுக்கும் அவர் கைக்கொண்ட வசனத்துக்கும் உள்ள வேறுபாடு என்னவென்று கேட்டால், வசனத்தின் பொருளைக்காட்டிலும் அது அவரை அனுப்பிய திசையைத்தான் நாம் காட்டுவோம். பாதுகாப்பில் இருந்தவரை அது ஆபத்துக்குள் அனுப்பியது. மேலும், தன்னிழைப்படி திருமறையை நாள்தோறும் வாசித்து ஊறிய ஒருவரிடத்தில் அது வந்தது. ஆண்டுக்கொருமுறை தட்டில் கைவிடுபவரிடத்தில் வரவில்லை.

வசனத்தைத் தனியே பிய்த்தெடுப்பதன் ஆபத்தை நமக்கு முதலில் காட்டியவன் சோதனைக்காரனே. தேவாலயத்து உப்பரிகையில் அவன் ஆண்டவருக்கு நீட்டிய வசனம் 91ஆம் சங்கீதத்திலிருந்து எடுத்தது (மத். 4:6). அத்தாய் எடுத்த அட்டையும் அச்சங்கீதத்தின் வசனமே என்பதைப் பின்னர் உணர்ந்தபோது நாம் சற்று நடுங்கினோம். ஆண்டவர் அச்சங்கீதத்தை மறுக்கவில்லை. இன்னொரு இடத்தில் எழுதியிருப்பதை அதன் பக்கத்தில் வைத்தார்.

இன்னொரு இடத்தில் எழுதியிருப்பதை நம் முன்னோர் எவ்வாறு பக்கத்தில் வைத்தனர் என்பதை இனிக் கூறுவோம். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை அமையுமுன் திருநெல்வேலித் திருமண்டலத்தார் ஆங்கிலத் திருச்சபை மரபினர். அம்மரபின் பொது ஜெபப் புத்தகம் 150 சங்கீதங்களையும் மாதத்தின் 30 நாட்களுக்குக் காலை மாலையெனப் பகுத்துவைத்துள்ளது. அதன்படி பதினேழாம் நாள் காலைக்குரியவை 86, 87, 88, மாலைக்குரியது 89. திருமறையில் மிக இருண்ட சங்கீதம் 88 என்பர். ஆறுதலான ஒரு சொல்லும் இன்றி, இருளிலேயே அது முடிகிறது. எந்த அட்டையிலும் அது வந்ததில்லை, வரவும் வராது. ஆனால் அட்டவணையைப் பின்பற்றி வாசித்தவர்க்கு ஒவ்வொரு மாதமும் பதினேழாம் நாள் காலையில் அது தவறாமல் வந்தது. முந்திய மாலை பேரனுக்கு ஞானஸ்நானம் நடந்திருந்தாலும் வந்தது. வீட்டில் பிணம் கிடந்தாலும் வந்தது. களிப்பாயிருந்தவன் அதைப் படித்தபோது, தனக்கன்றி வேறு எவனுக்கோ வாய் கொடுத்தான். துயரத்திலிருந்தவன் படித்தபோது, தன் சொல்லை ஊரெல்லாம் சேர்ந்து சொல்லக் கேட்டான். இன்னார் எடுத்த வசனம் இன்னாருக்கு என்ற கணக்கு அங்கே எழ இடமே இல்லை.

அச்சங்கீதத்தையே உற்றுநோக்கினால் மேலும் ஒன்று தெரியும். நாள்தோறும் உம்மைக் கூப்பிடுகிறேன் என்று 9ஆம் வசனத்திலும், காலையில் என் விண்ணப்பம் உமக்கு முன்பாக வருகிறது என்ற பொருளில் 13ஆம் வசனத்திலும் அவன் சொல்லுகிறான். விடை வந்ததாக எங்கும் சொல்லவில்லை. ஆக, விடை வராத மனிதன் ஒருவன் தன் காலை ஜெபத்தை நிறுத்தாமல் நடத்திய பதிவே 88ஆம் சங்கீதம். தினந்தோறும் திருமறை வாசிப்பதற்கு இதைவிட மேலான அறிமுகவுரை இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. வனாந்தரத்து மன்னாவும் நாளுக்குரியதாகவே விழுந்தது. அதன் பெயரே ஒரு கேள்வி. மறுநாளைக்கென்று எடுத்துவைத்தது புழுத்துப்போயிற்று (யாத். 16). ஓராண்டுக்குரிய மன்னாவை ஓரிரவில் பங்கிட்டுக் கொடுக்க நாம் துணிந்தோம்.

அட்டவணை மட்டும் போதும் என்று நாம் கூறவில்லை. ஓராண்டில் திருமறை முழுவதையும் வாசிப்பதற்கான திட்டத்தை 1842இல் தம் சபையாருக்கு வகுத்துக்கொடுத்த டண்டீ நகரத்து மக்செயின், அத்துடனேயே அதன் ஆபத்துகளையும் எழுதினார்: அது வெறுஞ் சடங்காகலாம், வாசித்துவிட்டோம் என்ற தன்னீதி உண்டாகலாம். கல்லூரி விடுதியில் அட்டவணைக் கட்டங்களில் குறியிட்டு நிரப்பும் மாணவரை நாம் அறிவோம். லேவியராகமத்தில் பின்தங்கியவர் ஒரே இரவில் மூன்று நாளைய கடனைத் தீர்ப்பதும் உண்டு. அதுவும் போகட்டும். கடனாக வாசித்ததும் பின்னொரு நாள் பயன்படுகிறது.

சில ஆண்டுகளுக்குமுன் இறுதியாண்டு மாணவரோடு குற்றாலத்தில் மூன்று நாள் தியான முகாம் நடத்தினோம். சாரல் பெய்துகொண்டிருந்தது. ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று அந்த ஊரை நனைக்கும். சில கல் தொலைவில் கீழைச் சமவெளி காய்ந்து கிடக்கும். முதல் நாள் காலையிலேயே பேரருவியில் வெள்ளம் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுந்ததால் குளிக்கத் தடை வந்துவிட்டது. இரட்சிப்பின் ஊற்றுகளில் மகிழ்ச்சியோடு தண்ணீர் மொள்ளும் ஏசாயா 12:3 தமக்கு அன்று காலை வந்திருந்ததென்று ஒரு மாணவர் முறையிட, எல்லோரும் நகைத்தோம். ஆனால் இரவில் பேசும்போது நகைப்பு இல்லை. எந்தச் சேகரத்துக்கு அனுப்பப்படுவோம், திருமணம் கூடுமா, குருப்பட்டம் தள்ளிப்போகுமா என்ற கவலையில் அவர்களிற் பலர் விடியலில் திருமறையை நினைத்த இடத்தில் திறந்து வசனம் தேடுகின்றனர் என்பது தெரிந்தது. வம்ச அட்டவணை வந்தால் மூடிவிட்டு மறுபடி திறப்பார்களாம். நல்ல வசனம் வரும்வரை!

அவர்களை நாம் கடிந்துகொள்ளவில்லை. 2019 டிசம்பர் 31 இரவு நம் சபைகளில் எடுக்கப்பட்ட அட்டைகளை நினைத்துப் பார்க்கச் சொன்னோம். 2020 மார்ச் 25 முதல் நாடே முடங்கி, ஈஸ்டர் நாளில் ஆலயக் கதவுகள் பூட்டிக் கிடந்தன. அந்த மாதங்களில் வீட்டிலிருந்தபடி சங்கீதங்களை வரிசையாக வாசித்தவர்களிடம் ஒரு மொழி இருந்தது. அட்டையை மட்டும் வைத்திருந்தவர்களிடம் குழப்பமே மிஞ்சியது. 2024 மே 17 அன்று, பருவம் தொடங்குமுன்னரே, பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் பாய்ந்து 17 வயது மாணவர் ஒருவரைக் கொண்டுபோயிற்று. அவ்வீட்டாருக்கு எந்த வசனத்தை எடுத்துச் செல்வீர்கள் என்று இன்று அம்மாணவர்களைக் காண்கையில் கேட்கத் தோன்றுகிறது.

இதே மலைத்தொடரின் அடியில், தெற்கே டோனாவூரில், 1931 அக்டோபர் 24க்குப் பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் படுக்கையிலிருந்தவர் ஏமி கார்மைக்கேல். அன்று களக்காட்டில், மருந்தகத்துக்கென எடுத்த வீட்டைப் பார்க்கச் சென்ற இடத்தில், குழியில் விழுந்து காலொடிந்தார். தம்மை மேலும் பணிக்குத் தகுதியாக்க எதையும் செய்யும்படி அன்று காலையில்தான் அவர் ஜெபித்திருந்தார். கிடைத்த விடை இது. 1933இல் அவர் வெளியிட்ட நோயாளர் மடல்களில் ஒரு விமரிசனம் இருக்கிறது: நலமாயிருப்போர் நோயுற்றோருக்கு எழுதும் ஆறுதல் நூல்கள் உள்ளத்தில் சென்று சேர்வதில்லை என்பார். நம் அட்டைகள் யாவும் நலமாயிருப்போர் தெரிந்தெடுத்தவையே. அவர் படுக்கையிலிருந்து தம் குடும்பத்தாருக்கு அவ்வப்போது எழுதிய சிறு குறிப்புகள், அவர் 1951இல் மறைந்தபின், 1955இல் நாள்வாசிப்பு நூலாகத் தொகுக்கப்பட்டன. நாளுக்கொரு பக்கம் என்னும் வடிவத்தில் குறையில்லை என்பதற்கு அந்நூலே சான்று. எழுதியவர் எங்கே படுத்திருந்தார் என்பதே கேள்வி.

மீண்டும் அச்சேகரத்துக்கு. அட்டையை அத்தாய் மேசைமேல் விட்டுச்சென்ற ஆண்டின் இறுதியில் நாம் தட்டை எடுக்கவில்லை. முணுமுணுப்பு எழுந்தது; அடுத்த ஊர்ச் சபையில் போய் அட்டை எடுத்துவந்தோரும் உண்டு. அதற்கு மாறாக, ஜனவரி முதல் நாள் தொடங்கி, மாலை ஏழு மணிக்கு ஆலயத்தில் சங்கீதங்களை நாளுக்கொன்றாக வாசிப்போம் என்று அறிவித்தோம். முதல் வாரம் நாற்பது பேர், மாசியில் ஒன்பது பேர். உபதேசியார் விளக்கேற்றிவிட்டுத் தாமும் அமர்வார். விளக்கவுரை இல்லை, வந்தவர்கள் முறைவைத்து வாசிப்பார்கள், கர்த்தருடைய ஜெபம் சொல்லிக் கலைவோம். அத்தாய் எப்போது வரத் தொடங்கினார் என்பதை நாம் குறித்துவைக்கவில்லை. கடைசி வரிசையில், சுவரோரம் உட்காருவார்.

மார்ச் மாதக் கடைசியில் 88ஆம் சங்கீதம் வந்தபோது வாசிக்கும் முறை அவருடையதாயிற்று. வேறொருவரை வாசிக்கச் சொல்ல நமக்கு மனம் உந்தியது, சொல்லவில்லை. அவர் விரலை வரியின்கீழ் வைத்து, தடுமாறாமல், கடைசிவரை வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்துக்கொண்டு, உபதேசியாரைப் பார்த்து, "நாளைக்கு எண்பத்தொன்பதுதானே ஐயா? அது பெருசுல்லா, கொஞ்சம் முன்னாலயே வரணும்" என்றார்.